கண்ணீர் விட்ட தீர்க்கதரிசி எரேமியா

தீர்க்கதரிசி என்றால் யார்? வருங்காலத்தைக் கணித்துச் சொல்லும் சோதிடர் என்று பலர் நினைக்கிறார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் அதற்குக் கூறும் பொருள் வேறு. கடவுளின் செய்தியை மக்களிடம் எடுத்துச் சொல்கிறவரே தீர்க்கதரிசி. அரசன் தவறு செய்தால் அரண்மனையில் போய்ச் சொல்வார். குருக்கள் தவறு செய்தால் கோவில் வாசலில் நின்று சொல்வார்.

பைபிளில் வரும் தீர்க்கதரிசிகளில் மிகுந்த துன்பப்பட்டவர் எரேமியா. அவர் வாயைத் திறந்தால் வாள், பஞ்சம், கொள்ளைநோய் என்ற சொற்கள்தான் வரும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கலயத்தைப் போட்டு உடைத்தார். கழுத்தில் நுகத்தைப் பூட்டிக்கொண்டு நடந்தார். கடவுளின் தண்டனை வருகிறது, வருகிறது என்று 40 ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதைப் படிப்பவர்கள் மனதில் ஒரு கேள்வி எழும். இப்படியெல்லாம் பயமுறுத்தும் கடவுள் கொடியவரா? கடவுள் அன்பே வடிவானவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, இரண்டும் எப்படிப் பொருந்தும்?

எரேமியாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பேசத் தெரியாத பிள்ளை

எருசலேம் நகருக்கு வடகிழக்கே சுமார் 3 மைல் தூரத்தில் ஆனதோத்து என்ற சிற்றூர் இருந்தது. குருக்களின் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே இல்க்கியா என்பவரின் மகனாகப் பிறந்தார் எரேமியா.

எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா மிகச் சிறிய நாடு. தெற்கே எகிப்துப் பேரரசு. வடக்கேயும் கிழக்கேயும் அசீரியா, பாபிலோன் என்ற பேரரசுகள். யானைகள் மோதிக்கொள்ளும் இடத்தில் அகப்பட்ட ஆட்டுக்குட்டியின் நிலைதான் யூதாவுக்கு.

கி.மு. 627-ம் ஆண்டு வாக்கில் எரேமியாவுக்குக் கடவுளின் அழைப்பு வந்தது. தாம் சிறுபிள்ளை, தமக்குப் பேசத் தெரியாது என்று சொல்லி அவர் தப்பப் பார்த்தார். கடவுள் விடவில்லை.

முதலில் இரண்டு காட்சிகள் அவருக்குத் தோன்றின. ஒன்று, வாதுமை மரத்தின் கிளை. அந்த நாட்டில் குளிர்காலம் முடியுமுன்பே பூக்கும் மரம் வாதுமை. எபிரேய மொழியில் வாதுமை என்ற சொல்லும் விழித்திருத்தல் என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஓசை உடையவை. தாம் சொன்னதை நிறைவேற்றக் கடவுள் விழித்திருக்கிறார் என்பது அதன் பொருள்.

மற்றொன்று, கொதிக்கும் பானை. அதன் வாய் வடக்கிலிருந்து யூதா நாட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. வடக்கிலிருந்து பகைவர் சேனை வரப்போகிறது என்பது அதன் பொருள்.

கூலி கொடுக்காத அரசன்

அப்போது யூதாவை ஆண்டவன் யோசியா. நல்ல அரசன். கி.மு. 622-ல் எருசலேம் கோவிலைப் பழுது பார்த்தபோது பழைய நீதி நூல் ஒன்று கிடைத்தது. அதைப் படிக்கக் கேட்டு அரசன் நடுங்கினான். நாட்டைச் சீர்திருத்த முயன்றான். ஆனால் கி.மு. 609-ல் எகிப்து மன்னனை எதிர்த்து மெகிதோ என்ற இடத்துக்குப் போய், அங்கே உயிர் இழந்தான்.

விரைவில் யோசியாவின் மகன் யோயாக்கீமை எகிப்து மன்னன் அரியணையில் அமர்த்தினான். எகிப்துக்குக் கப்பம் கட்ட மக்களிடம் வரி வசூலித்தான் யோயாக்கீம். அந்த நிலையிலும் தனக்கு விசாலமான மாளிகை ஒன்று கட்டினான். கேதுரு மரப் பலகை பதித்து, சிவப்புச் சாயம் பூசினான். கட்டிய வேலையாட்களுக்கோ கூலி கொடுக்கவில்லை.

எரேமியா அரசனைக் கண்டித்தார். அவன் தந்தை ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்தார் என்றும், கடவுளை அறிவது என்பது அதுதான் என்றும் எடுத்துரைத்தார்.

இது கவனிக்க வேண்டிய செய்தி. எரேமியா சொன்ன கடவுள் காரணமில்லாமல் கோபப்படுகிறவர் இல்லை. விதவைகளும், அநாதைகளும், பிழைக்க வந்த வெளிநாட்டாரும் நசுக்கப்பட்டார்கள். குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தப்பட்டது. நகருக்கு அருகே இன்னோம் பள்ளத்தாக்கில் பெற்ற பிள்ளைகளையே தீயில் பலி கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்தும் கோபம் வராத கடவுள் இருந்தால், அவரால் ஏழைக்கு என்ன பயன்?

கோவிலில் உயிர்ப் பிழைப்பு

எருசலேமில் கடவுளின் கோவில் இருக்கிறது, ஆகையால் நகருக்கு அழிவே வராது என்று மக்கள் நம்பினார்கள். எரேமியா கோவில் வாசலில் நின்று அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். முன்பு சீலோ என்ற ஊரிலும் கடவுளின் கூடாரம் இருந்தது, அந்த ஊர் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்கச் சொன்னார்.

கூட்டம் கொதித்தது. இவரைக் கொல்ல வேண்டும் என்று குருக்கள் கூச்சலிட்டார்கள். அப்போது சில முதியவர்கள் குறுக்கிட்டார்கள். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் மீகா என்ற தீர்க்கதரிசியும் இப்படியே பேசினார், அன்றைய அரசன் எசேக்கியா அவரைக் கொல்லாமல் கடவுளுக்குப் பயந்து நடந்தான், நாடும் தப்பியது என்று நினைவூட்டினார்கள். அகீக்காம் என்ற பெரிய மனிதரும் துணை நின்றார். எரேமியா பிழைத்தார்.

உரியா என்ற மற்றொரு தீர்க்கதரிசிக்கு அந்த நற்பேறு இல்லை. அவர் எகிப்துக்கு ஓடினார். யோயாக்கீம் ஆள் அனுப்பி, பிடித்து வரச் செய்து, வாளால் வெட்டினான்.

குயவர் வீட்டுச் சக்கரம்

ஒரு நாள் எரேமியா குயவர் வீட்டுக்குப் போனார். சக்கரத்தில் மண் சுழன்றது. வனைந்த பாண்டம் சரியாக வரவில்லை. குயவர் என்ன செய்தார்? மண்ணைத் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைப் பிசைந்து வேறொரு பாண்டமாக வனைந்தார்.

எரேமியா அதில் கடவுளின் குணத்தைக் கண்டார். அழிவு வரும் என்று கடவுள் ஒரு நாட்டுக்குச் சொன்னாலும், அந்த நாடு மனம் திருந்தினால் அவர் அழிக்க மாட்டார். எச்சரிக்கை வருகிறது என்றால், திருந்தக் காலம் இருக்கிறது என்று பொருள். மண் ஈரமாக இருக்கும்வரை குயவர் கை அதை விடுவதில்லை.

மக்கள் கேட்கவில்லை. பிறகு எரேமியா குயவரிடம் ஒரு மண்கலயம் வாங்கினார். பெரியவர்களையும் குருக்களையும் இன்னோம் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். பிள்ளைகளைப் பலியிட்ட அதே இடத்தில் கலயத்தை உடைத்தார். சுட்ட கலயம் உடைந்தால் ஒட்டாது. நாடும் நகரமும் அப்படி உடையும் என்றார்.

பிற்காலத்தில் யூதர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பெயராலேயே நரகத்தைக் குறிப்பிட்டார்கள். இயேசுவும் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்.

கலயத்தை உடைத்ததற்குப் பலன் உடனே கிடைத்தது. கோவில் அதிகாரி பஸ்கூர் எரேமியாவை அடித்து, தொழுமரத்தில் மாட்டிவைத்தான். ஓர் இரவு முழுவதும் அவர் அப்படியே கிடந்தார்.

யாருடைய கண்ணீர்?

எரேமியாவுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. வரப்போகும் அழிவுக்கு அடையாளமாக அவர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது கடவுளின் கட்டளை. சொந்த ஊராரே அவரைக் கொல்லச் சதி செய்தார்கள். தாம் பிறந்த நாளையே அவர் சபித்தார். இனிமேல் பேசக் கூடாது என்று முடிவு செய்தும் பார்த்தார். ஆனால் எலும்புக்குள் நெருப்பு எரிவது போல் இருந்தது. அடக்க முடியவில்லை.

அவர் நாட்டை வெறுத்தாரா? இல்லை. தம் கண்கள் கண்ணீர் ஊற்றாக மாட்டாவா, மாண்டு போகும் மக்களுக்காக இரவும் பகலும் அழ மாட்டேனா என்று ஏங்கினார்.

எரேமியாவின் நூலைப் படிக்கும் அறிஞர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார்கள். புலம்பல் வரும் பல இடங்களில் அழுகிறவர் எரேமியாவா, கடவுளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு குரல்களும் கலந்து விடுகின்றன. மோவாப் என்ற பகை நாட்டின் அழிவைச் சொல்லும் இடத்தில்கூட, சபிக்கும் குரலோடு அழும் குரலும் கேட்கிறது.

பிள்ளை கெட்டுப் போவதைக் கண்டு அடிக்கக் கை ஓங்கும் தாய், அடிக்குமுன் தானே அழுதுவிடுவதில்லையா? எரேமியா காட்டிய தண்டனைக் காட்சிகளுக்குப் பின்னால் அத்தகைய கண்ணீர் இருக்கிறது.

தீயில் போட்ட சுருள்

கி.மு. 605-ல் கர்கேமிஸ் என்ற இடத்தில் பாபிலோன் சேனை எகிப்தியரைத் தோற்கடித்தது. வடக்கே கொதித்த பானை சாயத் தொடங்கிவிட்டது.

அதுவரை தாம் பேசியதை எல்லாம் எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். எதற்காக? ஒருவேளை மக்கள் கேட்டுத் திருந்துவார்கள், அப்போது கடவுள் அவர்களை மன்னிப்பார் என்பதற்காக. பக்கம் பக்கமாகத் தண்டனை எழுதிய சுருளின் நோக்கம் மன்னிப்புதான்.

எரேமியா கோவிலுக்குள் போகத் தடை இருந்தது. ஆகவே, அங்கே சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து பாருக்கு அதை வாசித்தார். செய்தி அரசனுக்கு எட்டியது. குளிர்காலம். யோயாக்கீம் கணப்புச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டான். இப்படியே சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. எரிக்க வேண்டாம் என்று கெமரியா கெஞ்சியும் பயன் இல்லை.

எரேமியா மறுபடியும் பாருக்கை எழுதச் சொன்னார். புதிய சுருள் பழையதைவிடப் பெரிதாக அமைந்தது.

எருசலேமில் 1982-ல் நடந்த அகழ்வாராய்ச்சியில், சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் பொறித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. பின்னாளில் நகரை அழித்த தீயே அந்தக் களிமண்ணைச் சுட்டுக் காப்பாற்றியிருந்தது.

மர நுகமும் இரும்பு நுகமும்

கி.மு. 597-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். யோயாக்கீம் அதற்குள் இறந்துவிட்டான். அவன் மகன் யோயாக்கீனையும், பிரபுக்களையும், தொழில் தெரிந்தவர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். சிதேக்கியாவை அரசனாக்கினான். நகரம் பிடிபட்ட செய்தி பாபிலோனியரின் களிமண் பலகை ஒன்றிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பலகை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சிதேக்கியாவும் கலகம் செய்ய எண்ணினான். எரேமியா தம் கழுத்தில் நுகத்தைப் பூட்டிக்கொண்டார். பாபிலோனுக்குப் பணிந்தால் உயிரோடு இருக்கலாம் என்றார். அனனியா என்ற மற்றொருவன் அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகும் என்று மக்கள் விரும்பியதைச் சொன்னான். மர நுகத்தை உடைத்தால் இரும்பு நுகம் வரும் என்றார் எரேமியா. அந்த ஆண்டிலேயே அனனியா இறந்தான்.

பாபிலோனில் இருந்த கைதிகளுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள், 70 ஆண்டுகள் கழித்து நாடு திரும்புவீர்கள் என்பது அதன் சாரம். தண்டனைக்கு ஒரு கால எல்லை இருந்தது.

கிணற்றில் இறக்கிய கதை

கி.மு. 588-ல் பாபிலோன் சேனை மீண்டும் எருசலேமை முற்றுகையிட்டது. பயந்துபோன சிதேக்கியாவும் செல்வர்களும் தங்கள் அடிமைகளை விடுதலை செய்தார்கள். எகிப்துச் சேனை வருகிறது என்று கேட்டுப் பாபிலோனியர் சற்று விலகினார்கள். உடனே செல்வர்கள் விடுதலையான அடிமைகளை மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள்! எரேமியா அதை வன்மையாகக் கண்டித்தார்.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் புறப்பட்ட எரேமியாவை, எதிரியிடம் ஓடுகிறார் என்று சொல்லிக் கைது செய்தார்கள். நீர் வற்றிச் சேறாகக் கிடந்த கிணற்றில் கயிறு கட்டி இறக்கினார்கள். சேற்றில் அவர் புதைந்தார்.

அவரைக் காப்பாற்றியவர் அந்த நாட்டுக்காரர்கூட இல்லை. எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியர், அரண்மனை ஊழியர். அரசனிடம் துணிந்து பேசி 30 பேரை அழைத்துக்கொண்டு வந்தார். கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பழந்துணிகளையும் இறக்கினார். எரேமியா மேலே வந்தார்.

முற்றுகைக் காலத்து அதிகாரிகள் பானை ஓடுகளில் எழுதிய கடிதங்கள் 1935-ல் லாகீஸ் என்ற பழைய நகரின் இடிபாடுகளில் கிடைத்தன. லாகீசும் அசெக்காவும் கடைசிவரை தாக்குப்பிடித்த கோட்டைகள் என்று எரேமியாவின் நூல் சொல்கிறது. லாகீசின் அடையாளத் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அசெக்காவின் அடையாளம் தெரியவில்லை என்றும் ஓர் ஓடு சொல்கிறது.

முற்றுகையில் ஒரு கிரயப் பத்திரம்

காவல் முற்றத்தில் எரேமியா கைதியாக இருந்தபோது, அவருடைய பங்காளி அனாமெயேல் வந்தார். ஆனதோத்தில் உள்ள தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். குடும்ப நிலம் வெளியார் கைக்குப் போகாமல் உறவினர் வாங்கிக்கொள்வது அந்நாட்டு வழக்கம்.

அந்த நேரத்தில் நிலம் வாங்க யாருக்குத் துணிவு வரும்? நகரைச் சுற்றிலும் பாபிலோன் சேனை. உள்ளே பஞ்சம். நாடே அழியும் என்று சொன்னவர் எரேமியாதான். ஆனாலும் கடவுளின் சொற்படி அவர் நிலத்தை வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. இன்றைய எடையில் ஏறக்குறைய 200 கிராம். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரை போட்ட பத்திரத்தையும் அதன் திறந்த படியையும் பாருக்கிடம் கொடுத்தார். நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

குயவர் வீட்டில் பார்த்த ஈரமண் ஒன்று. பள்ளத்தாக்கில் உடைத்த கலயம் ஒன்று. பத்திரம் வைத்த பாண்டம் ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எரேமியா அறிந்த கடவுள் விளங்குவார். அவர் அடிக்குமுன் எச்சரிப்பவர். அநியாயத்தைக் கண்டால் உடைப்பவர். உடைத்த பிறகும் கைவிடாதவர்.

வாதுமைக் கிளைக் காட்சியில் வந்த விழித்திருத்தல் என்ற சொல் எரேமியாவின் நூலில் பிறகும் வருகிறது. இடிக்க விழித்திருந்த கடவுள், கட்டவும் நடவும் விழித்திருப்பார் என்று அங்கே சொல்லப்படுகிறது.

நகரம் விழுந்தது

கி.மு. 586-ல் மதில் உடைந்தது. 587 என்று கணக்கிடுவோரும் உண்டு. சிதேக்கியாவின் கண் முன்னே அவன் புதல்வர்களைக் கொன்று, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள். கோவில் எரிந்தது.

எரேமியாவைப் பாபிலோனியர் விடுவித்தார்கள். பாபிலோனுக்கு வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகத் தளபதி சொன்னான். எரேமியா எஞ்சிய ஏழைகளோடு தங்கிவிட்டார். ஆளுநராக இருந்த கெதலியாவை இஸ்மவேல் என்பவன் கொன்றான். பயந்த மக்கள் எகிப்துக்கு ஓடினார்கள். போக வேண்டாம் என்று தடுத்த எரேமியாவையும் கொண்டுபோனார்கள். எகிப்தில் இருந்தும் அவர் எச்சரித்துக்கொண்டிருந்தார். அங்கே அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள் என்பது மரபுக் கதை.

இயேசுவும் எரேமியாவும்

சுமார் 600 ஆண்டுகள் கழித்து இயேசு எருசலேமுக்கு வந்தார். நகரைப் பார்த்து அழுதார். கோவிலில் வியாபாரம் செய்தவர்களைத் துரத்தியபோது எரேமியாவின் சொல்லையே எடுத்தாண்டார். இவர் எரேமியாவோ என்று மக்களில் சிலர் பேசிக்கொண்டார்கள். கி.பி. 70-ல் ரோமர் எருசலேமை மறுபடியும் அழித்தார்கள்.

கடவுள் மக்களோடு புதிய உடன்படிக்கை செய்வார், தம் நீதியை அவர்கள் இதயத்தில் எழுதுவார், பாவங்களை இனி நினைக்க மாட்டார் என்று எரேமியா முன்னுரைத்திருந்தார். இயேசு தம் கடைசி இரவு விருந்தில் கிண்ணத்தை எடுத்து அந்தப் புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசினார். பைபிளின் இரண்டாம் பகுதிக்குப் புதிய ஏற்பாடு என்ற பெயர் வந்தது இதனால்தான். தண்டனை கொடுக்கும் நீதிபதியே சிலுவையில் அந்தத் தண்டனையைத் தாமே ஏற்றார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அழுதுகொண்டே எச்சரித்த எரேமியாவின் வாழ்வில் அதன் சாயலை அவர்கள் காண்கிறார்கள்.

கி.மு. 539-ல் பாபிலோன், பாரசீக மன்னன் சைரசிடம் வீழ்ந்தது. நாடு திரும்ப யூதர்களுக்கு அவன் அனுமதி கொடுத்தான். திரும்பி வந்தவர்களின் பட்டியல் பைபிளில் எஸ்றா என்ற நூலில் ஊர்வாரியாக இருக்கிறது. எரேமியா விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் அவர் ஒரு நாளும் ஏர் ஓட்டவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஆனதோத்து ஊரார் 128 பேர்.